அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன்: ஆஸ்பத்திரித் தொற்றும் ஆஸ்பத்திரி நடத்தையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு, அடுத்த மாதம் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன். போன வருடம் உங்கள் சித்தப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய், தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். அங்கே ஏதாவது கேட்டால் நர்ஸ்கள் எரிந்து விழுந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் கேட்கிறீர்கள்: பாலக்காட்டில் செய்வதா, கோயம்புத்தூரில் செய்வதா, எங்கே தொற்று வராது? அப்புறம், அம்மாவிடம் கொஞ்சம் மரியாதையாக, அன்பாக நடந்துகொள்ள வைக்க வழி ஏதும் உண்டா? தொற்று ஒரு விஷயம், நடத்தை இன்னொரு விஷயம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். வார்டில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே விஷயம்தான். அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் டாக்டர் இல்லை. பாலக்காடு ஜில்லா சித்தூர்க்காரி, நர்ஸ். பார்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வார்டிலும் ஐசியுவிலும் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் நர்ஸாக ஆனேன். ஆஸ்பத்திரிக்குள் யாருக்கு என்ன தொற்று வந்தது, எந்த வழியாக வந்தது என்று தேடிப் பிடிப்பதும், அடுத்தவருக்கு வராமல் பார்ப்பதும்தான் வேலை. அம்மாவுக்கு எந்த மூட்டு வைக்க வேண்டும், எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவரைப் பார்க்கிற சர்ஜன் சொல்ல வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன்.

முதலில் பாலக்காடா கோயம்புத்தூரா என்பது. தொற்று மாநில எல்லை பார்த்து வருவதில்லை, இரண்டு பக்கமும் நல்ல ஆஸ்பத்திரிகளும் உண்டு, சுமாரானவையும் உண்டு. தொற்றே வராத ஆஸ்பத்திரி உலகத்தில் எங்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கே இருக்கும்போது ஏதாவது ஒரு தொற்றாவது வருகிறது. முழங்கால் மாற்று நல்ல சுத்தமான ஆபரேஷன், அதனால் மூட்டுக்குள் தொற்று போவது அபூர்வம், பொதுவாக 100 பேரில் ஒருவர் அல்லது இருவர் என்று சொல்வார்கள். ஆனால் உள்ளே வைக்கிற மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும். கிருமி அதன்மேல் ஒட்டிக்கொண்டு படலம் கட்டிவிட்டால் மாத்திரை ஊசிக்கு லேசில் அசையாது, சில சமயம் மூட்டையே கழற்றி மறுபடி வைக்க வேண்டி வரும். அந்த ஒன்றிரண்டு பேரில் அம்மா இருக்கக் கூடாது என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான்.

அதனால் ஓபிக்குப் போகும்போது வரவேற்பறைக் கண்ணாடியையும் டைல்ஸையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வார்டை ஒரு சுற்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் கை ரப் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கிற சானிடைசர்) பாட்டில் இருக்கிறதா, அதை அழுத்தினால் மருந்து வருகிறதா, கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் துடைக்கக் காகிதமும் இருக்கிறதா, நோயாளிகளின் டாய்லெட் ஈரமும் நாற்றமுமாகக் கிடக்கிறதா, இதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு சர்ஜனிடமோ அவர் உதவியாளரிடமோ பணிவாகக் கேளுங்கள்: இங்கே இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் நர்ஸ் யார், போன வருடம் செய்த முழங்கால் ஆபரேஷன்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? ஒரு எண்ணைச் சொல்லி, இப்படித்தான் கணக்கு வைக்கிறோம் என்று விளக்குகிற இடம் நல்ல இடம். எங்களுக்கு ஒன்றுகூட வந்ததில்லை என்று உடனே சொல்கிற இடத்தில், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை எத்தனை நாள் வரை பின்தொடர்ந்து விசாரிக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். சாதாரண ஆபரேஷன் காயத்துக்கு 30 நாள், உள்ளே மூட்டு மாதிரி பொருள் வைத்தால் 90 நாள் வரை வருகிற தொற்றையும் ஆபரேஷன் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு கணக்கை மூடினால் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

எதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேமினார் ஃப்ளோ தியேட்டர் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள், வடிகட்டிய காற்று ஒரே சீராக இறங்குகிற ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கும், செலவும் அதிகம். ஆனால் மூட்டு மாற்று ஆபரேஷனில் தொற்றைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை, அதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அதுவும் உறுதியான தடை இல்லை, நிபந்தனையோடு சொன்ன பரிந்துரைதான். அதனால் அந்த வசதி இருக்கிற ஆஸ்பத்திரி மோசம் என்று அர்த்தமில்லை, இல்லாத ஆஸ்பத்திரியைத் தள்ளவும் வேண்டாம். தியேட்டரில் ஃபார்மலின் புகை போடுவதும் அப்படித்தான். நம் பக்கத்தில் ரொம்ப காலமாக நடக்கிற பழக்கம், ஆனால் தரையையும் மேஜையையும் முறையாகத் தேய்த்துத் துடைப்பதற்கு அது ஈடாகாது, வேலை செய்கிறவர்களின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். ஐசியு வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வது இன்னொன்று. குனிந்து கையால் செருப்பைக் கழற்றிவிட்டு அதே கையோடு உள்ளே போய் அம்மாவின் முகத்தைத் தடவினால் என்ன பலன்? செருப்பு விஷயத்தில் ஆதாரம் பலவீனம், கை விஷயத்தில் ஆதாரம் மலை மாதிரி.

இனி அம்மாவைத் தயார் செய்வது. இது அவசர ஆபரேஷன் இல்லை, நாள் குறித்துச் செய்வது. அதனால் இந்த ஒரு மாதம் ரொம்ப முக்கியம், தொற்றைத் தடுப்பதில் நம் கையில் இருக்கிற பங்கு பெரும்பாலும் இங்கேதான். சர்க்கரைதான் முதல். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். 7க்குள் வேண்டும், 8க்குள் போதும் என்று டாக்டருக்கு டாக்டர் அளவு மாறும். அதிகமாக இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவார்கள், கோபப்படாதீர்கள், அது அம்மாவின் நன்மைக்குத்தான். ஆபரேஷன் அன்றும் அடுத்த நாட்களிலும் சர்க்கரை 200க்குக் கீழே நிற்க வேண்டும். அடுத்து, முழங்காலில் வலிக்காக ஊசி போட்டிருக்கிறார்களா? ஸ்டீராய்டு ஊசி மூட்டுக்குள் போட்டு மூன்று மாதத்துக்குள் மாற்று ஆபரேஷன் செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது. இதைப் பலர் சர்ஜனிடம் சொல்வதே இல்லை, வேறு ஒரு கிளினிக்கில் போட்டது என்பதால் மறைத்தும் விடுகிறார்கள். கட்டாயம் சொல்லுங்கள். நம் ஊரில் முட்டி வலி என்றால் தைலம், கிழி, பச்சிலைக் கட்டு இல்லாமல் இருக்காது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சூட்டுக் கொப்புளமோ கட்டுப் போட்டு வெந்த தோலோ அந்த இடத்தில் இருந்தால் ஆபரேஷன் செய்ய முடியாது. அதனால் இப்போதே நிறுத்திவிடுங்கள். வயல் வேலைக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் அதை இப்போதே ஆற்றுங்கள். கிருமி புகுகிற வாசல் அதுதான். பல்லில் சீழ் இருந்தால் பார்த்துவிடுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாத எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டுமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. சிறுநீர் டெஸ்டில் கிருமி இருக்கிறது என்று வந்து, எரிச்சலோ காய்ச்சலோ இல்லையென்றால், அதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுத் தீர வேண்டியதில்லை என்பது இப்போதைய வழிகாட்டிகளின் நிலை. அந்த ரிப்போர்ட்டைச் சர்ஜனிடம் காட்டி அவர் சொல்படி செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும், சாதாரண சோப்பே போதும். முக்கியமாக, வீட்டில் பிளேடு வைத்துக் காலில் முடி வழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து அதில் கிருமி வளரும். முடியை எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பர் மிஷினால் வெட்டுவார்கள், சவரம் செய்வது தவறு என்று இப்போது உறுதியாகத் தெரியும். தொற்று வராமல் இருக்கக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி கத்தி வைப்பதற்கு முன்னால், வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும், சில மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக. ஆபரேஷன் முடிந்த பிறகு அதையே நாள் கணக்கில் நீட்டுவதால் பெரிய லாபம் இல்லை, மருந்தையே எதிர்க்கிற சக்தி பெற்ற கிருமிகள் வளர்வதும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்று உண்டு. நல்ல பவரான ஆன்டிபயாட்டிக்காக எழுதுங்கள் சார் என்று வீட்டுக்காரர்களே கேட்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கிருமிகள் மருந்தை எதிர்க்கிற இந்தப் பிரச்சினைக்கென்றே கேரள அரசு 2018இல் கார்சாப் என்ற செயல் திட்டத்தைத் தொடங்கியது, டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024இல் சோதனைகளும் தொடங்கின. சும்மா இல்லை, பழைய மருந்துகள் வேலை செய்யாத நோயாளிகளை ஐசியுக்களில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கை பற்றி மலை என்றேன் இல்லையா, அதற்கு வருகிறேன். 1847இல் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது, முதல் பிரிவில் போட வேண்டாம் என்று காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறார்கள். செம்மெல்வைஸ் என்ற டாக்டர்தான் அதைக் காதில் வாங்கிக் காரணம் தேடினார். பிணத்தை அறுத்துவிட்டு வருகிற கையைக் குளோரின் கலந்த நீரில் கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் 18%க்கு மேல் இருந்த இறப்பு ஜூனில் 2% அளவுக்கு வந்தது. அப்போது கிருமி என்ற ஒன்று காரணம் என்பதே யாருக்கும் தெரியாது. படித்தவர்களுக்கு முன்பே அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நோயாளி சொல்வதைக் கேட்காத இடத்தில் தொற்றும் குறையாது.

இன்றைக்கு விதி எளிது. நோயாளியைத் தொடும் முன், ஊசி, டியூப், டிரெஸ்ஸிங் மாதிரி சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேஜை போன்றவற்றைத் தொட்ட பின், ஆக ஐந்து தருணம். கை ரப் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. கையில் அழுக்குத் தெரிந்தாலோ, நோயாளிக்குப் பேதி இருந்தாலோ சோப்புதான், கை ரப் கொல்லாத கிருமி வித்துகள் உண்டு. கிளவுஸ் போட்டிருக்கிறார்களே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரே கிளவுஸோடு நாலு கட்டில் போனால் நாலு பேருடைய கிருமியும் அதில் பயணம் செய்யும், பாதுகாப்பு போட்டிருப்பவருக்கு மட்டும்தான். சரி, டாக்டர் கை கழுவாமல் அம்மாவின் காயத்தைத் தொட வந்தால் என்ன செய்வது? கேளுங்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் கேட்கச் சொல்லி ஊக்கப்படுத்தினாலும் பெரும்பாலான நோயாளிகள் கேட்பதில்லை என்று ஆய்வுகளே காட்டுகின்றன, மனசில் பயம். அதனால் கை கழுவ வைக்கிற பொறுப்பை நான் உங்கள் தலையில் வைக்க மாட்டேன், அது ஆஸ்பத்திரியின் கடமை. ஆனாலும் ஒரு சின்ன வழி உண்டு. கட்டில் பக்கத்தில் கை ரப் பாட்டில் எடுத்த எடுப்பில் தெரிகிற மாதிரி இருக்கட்டும். அவர்கள் உள்ளே வந்ததும் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, இந்தாங்க சிஸ்டர், இந்தாங்க டாக்டர் என்று நீட்டுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்து டியூப்கள். கையில் மருந்து ஏற்ற ஒரு கேனுலா, சில சமயம் யூரின் டியூப். உடம்புக்குள் போகிற ஒவ்வொரு டியூபும் கிருமிக்கு ஒரு பாதை. யூரின் டியூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேருகிற வாய்ப்பு 3 முதல் 7% வரை கூடிக்கொண்டே போகிறது. அதனால் தினமும் ரவுண்ட்ஸில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இன்னும் வேண்டுமா டாக்டர், எப்போது எடுக்கலாம்? இந்த ஒரு கேள்வி எத்தனையோ காய்ச்சலைத் தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் ரத்தக் குழாய் டியூப் விஷயத்தில் ஐந்து எளிய பழக்கங்களைக் கட்டாயமாக்கினார்கள்: கை கழுவுவது, போடும்போது முழு மறைப்பு (தொப்பி, மாஸ்க், கவுன், நோயாளியை மூடும் சுத்தமான துணி), குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடைப்பது, தொடை இடுக்கில் போடுவதைத் தவிர்ப்பது, தேவையில்லாததை எடுத்துவிடுவது. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில் தொற்று 66% வரை குறைந்தது, புது மருந்தோ புது மிஷினோ இல்லை. யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைப்பார்கள், உடனே கீழே இறக்கச் சொல்லுங்கள், சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும். கேனுலா போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ வலித்தாலோ அப்போதே சொல்ல வேண்டும். அதை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்பது பழைய பழக்கம், கோளாறு தெரிந்தால் மாற்றினால் போதும் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி வேறாக இருக்கும், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

கூட இருக்கிறவர், நம் பக்கம் பைஸ்டாண்டர் என்று சொல்வோமே, அவர் பங்கும் உண்டு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, வௌவால் வழியாக வந்ததாகக் கருதப்படுகிற முதல் ஆளைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரிக்குள்தான் ஒட்டியது. வேறு நோய்க்கு வந்தவர்கள், கூட இருந்தவர்கள், ஸ்கேனுக்கு வராந்தாவில் காத்திருந்தவர்கள். பேராம்பிரை தாலுக்கா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி அந்த மே 21ஆம் தேதி இறந்துபோனார். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அந்தப் பெயரை மறக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் இருமுகிறவரைத் தனியே உட்கார வைப்பதும், மாஸ்க் கொடுப்பதும், பார்வையாளர் கூட்டத்தைக் குறைப்பதும் கேரளத்தில் எவ்வளவு அவசியம் என்று எல்லோருக்கும் உறைத்தது. அதனால் அம்மாவுக்கு ஒருவர், முடிந்தால் அதே ஒருவர். சளி இருமல் இருக்கிற சொந்தக்காரர் ஃபோனில் விசாரிக்கட்டும், மனசு கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை. கட்டிலில் உட்கார வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரருக்கு உதவப் போனால் கை கழுவிவிட்டு அம்மாவிடம் வாருங்கள், டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பாயைப் பகலில் கட்டில்மேல் சுருட்டி வைக்காதீர்கள்.

இனி அன்பான நடத்தை. சித்தப்பாவுக்கு நடந்ததை நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை: தையல் இடம் நனைந்த மாதிரி இருக்கிறது என்று மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் திட்டுவார்கள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். தொற்றும் நடத்தையும் ஒரே விஷயம் என்று நான் சொன்னது இதைத்தான். பெட்பேன் கேட்கப் பயப்படுகிற பாட்டி ஈரத்திலேயே படுத்திருப்பாள், படுக்கைப் புண் வரும். ஒவ்வொரு முறையும் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை என்று யூரின் டியூபை இன்னும் இரண்டு நாள் விட்டு வைப்பார்கள், சிறுநீர்த் தொற்று வரும். கை வீங்கியிருக்கிறது என்று சொன்னால் முகம் கடுகடுக்கும் என்று பிள்ளைகள் விடியும்வரை காத்திருப்பார்கள். கடிந்து பேசுகிற வார்டில் எச்சரிக்கைகள் எங்கள் காதுக்கு வந்து சேர்வதே இல்லை.

நர்ஸ்கள் ஏன் எரிந்து விழுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், நியாயப்படுத்த இல்லை. ராத்திரி டியூட்டியில் ஒருத்தி இத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு எல்லை உண்டு, அது மீறினால் முதலில் போவது கை ரப், இரண்டாவது பொறுமை. இரண்டும் ஒரே அவசரத்தில்தான் போகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளில் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளரின் குழு செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில், ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு ஆபரேஷன் நோயாளி சேரும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடியது தெரிந்தது. அது அந்த நாட்டுக் கணக்கு, அப்படியே நமக்குப் பொருத்த முடியாது, ஆனால் திசை சந்தேகமில்லாமல் ஒன்றுதான். கேரளத்தில் நர்ஸ்கள் 2017இல் சம்பளத்துக்காகப் போராடியதை இந்தப் பின்னணியில் பாருங்கள். அதனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது, ராத்திரி இந்த வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை சிஸ்டர் என்று கேளுங்கள். நான் கேட்கச் சொல்கிற கேள்விகளில் இதைத்தான் முதலில் வைப்பேன், தியேட்டரைப் பற்றிய கேள்விகளுக்கும் முன்னால்.

ஆனால் வேலைப்பளு எல்லாவற்றுக்கும் சாக்கு ஆகாது. கேட் கிரேஞ்சர் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர், புற்றுநோய் வந்து தானே ஆஸ்பத்திரியில் படுத்தபோது, தன்னைத் தொட வருகிறவர்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். 2013இல், நோயாளியிடம் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று ஓர் இயக்கமே தொடங்கினார், 2016இல் இறக்கும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் சொல்ல எத்தனை வினாடி ஆகும்? இதற்கு வெளிநாடு போகவும் வேண்டாம். 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் தொடங்கிய வலி நிவாரண, பாலியேட்டிவ் (தீராத நோயில் வேதனையைக் குறைத்துப் பார்த்துக்கொள்கிற) சேவை ஊர் ஊராகப் பரவி, 2008இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது, இந்தியாவில் முதல் மாநிலம். இன்று பஞ்சாயத்துகளிலிருந்து பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். அவர்கள் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள்: உட்காருவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வார்கள், படுக்கைப் புண்ணைக் கழுவுவதற்கு முன்னால் தங்கள் கையைக் கழுவுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்து நான் அனுப்பிய நர்ஸ் பிள்ளைகள் இவர்களோடு ஒரு நாள் வீடு வீடாகப் போய்விட்டு வந்தால், வார்டில் அவர்கள் பேசுகிற தொனியே மாறியிருக்கும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது சில உண்டு. அம்மாவுக்குத் தமிழ்தான் வரும், மலையாளம் அரைகுறை என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கும்போதே அதைச் சொல்லுங்கள். சம்மதப் படிவம் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் அல்லது அந்த மொழியில் விளக்க வேண்டும், அது சலுகை இல்லை, உரிமை. இந்த எல்லையோரத்தில் இரண்டு மொழியும் தெரிந்த சிஸ்டர் எப்படியும் ஒருவர் இருப்பார், அவரை வரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவை எப்படிக் கூப்பிட வேண்டும், காது எந்தப் பக்கம் மந்தம், எதற்குப் பயப்படுவார் என்று முதல் நாளே டியூட்டி சிஸ்டரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். 12ஆம் நம்பர் பெட் என்று இருப்பவர் பழனியம்மா அக்கா என்று ஆகிவிட்டால் நடத்தை தானாகக் கொஞ்சம் மாறும். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்து ரவுண்ட்ஸ் நேரத்தில் ஒரே மூச்சில் கேளுங்கள், மணிக்கு ஒருமுறை ஓடிப்போய்க் கேட்டால் நல்லவர்களும் களைத்துப்போவார்கள். அப்படியும் யாராவது மரியாதையில்லாமல் பேசினால் அங்கேயே குரல் உயர்த்தாமல், வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள், அடுத்து நர்ஸிங் சூப்பிரண்டெண்ட். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுத்ததை ஆஸ்பத்திரியால் தட்டிக்கழிக்க முடியாது. சிகிச்சைப் பதிவேடுகளின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குவிதி சொல்கிறது. சித்தப்பா விஷயத்தில் இன்னும் விவரம் வேண்டுமானால் அதையும் கேட்டு வாங்கலாம். ஆனால் பேப்பரைப் பார்க்காமல் அவருக்குத் தொற்று யார் தவறால் வந்தது என்று நான் சொல்வது நியாயமில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு வருவதுண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து முதல் ஒன்றிரண்டு நாளில் லேசாகக் காய்ச்சல் வந்தால் அது பெரும்பாலும் தொற்று இல்லை, உடம்பு காயத்துக்குக் காட்டுகிற எதிர்வினை. முழங்கால் கொஞ்சம் சூடாகவும் வீங்கியும் வாரக்கணக்கில் இருப்பதும் சகஜம். ஆனால் குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறுவது, தையலில் இருந்து கசிவு வருவது அல்லது நிற்காமல் இருப்பது, சிவப்பு பரவுவது, புதிதாகக் குளிர்காய்ச்சல் வருவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். மூட்டில் இருந்து நீர் எடுத்து எந்தக் கிருமி என்று கல்ச்சர் பார்ப்பதற்கு முன்னால் மருந்து உள்ளே போய்விட்டால், கிருமி டெஸ்டில் ஒளிந்துகொள்ளும், சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் சர்ஜன் திணறுவார். ஆரம்ப வாரங்களிலேயே பிடித்தால் கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கோயம்புத்தூரில் செய்தால் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி ராத்திரியில் எந்த வண்டி, யார் கூட வருவது, ஆஸ்பத்திரியின் எந்த நம்பரைக் கூப்பிடுவது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எச்பிஏ1சி ரிப்போர்ட் வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள், சர்ஜனிடம் அதை வைத்து என்னென்ன கேட்கலாம் என்று எழுதுகிறேன்.